தோல்கன்று

தையல்காரர் நாச்சிமுத்து காவி கேட்டு மலையம்மாவின் மடத்துக்கு வந்தார். மலையம்மா அவர் கையில் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்தார்.

"மாட்டுக் கொட்டகை பின்னால இருக்குதுங்க."

நாச்சிமுத்துவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அம்மாவோ அவரைவிட வெகு இளையவர். பாறைக் குன்றின் அடியில் ஓடு போட்ட நாலு அறை, ஒரு கிணறு, சில நாட்டு மாடுகள், அவ்வளவுதான் மடம். சாமியார்கள் எத்தனையோ பேர் இருக்க, இந்த இடத்தைத் தேடி எதற்கு வந்தோம் என்று முதல் நாளே அவருக்குத் தோன்றிவிட்டது. இருந்தாலும் வாயைத் திறக்காமல் கூட்டினார். தையல் மெஷினை மிதித்துப் பழகிய கால் சாணியில் வழுக்கியது. மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் மாராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் அம்மா கேட்டார்.

"காவி எதுக்குங்க?"

"ஊடு வாசல் வேண்டாமுங்க."

"ஊடு என்ன பண்ணுச்சு?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"பையன் தவறிட்டானுங்க. கலியாணமாகி வெகுநாள் கழிச்சுப் பொறந்தவன். எட்டு வயசுல காய்ச்சல்னு படுத்தான், எந்திரிக்கவே இல்லீங்க."

"பேரு என்னங்க?"

"தரணி."

அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லியே நெடுநாள் ஆகியிருந்தது. செம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தார்.

"அதுக்காகத்தான் ஊட்டை விட்டு வந்துட்டீங்களா?"

"அதுக்கில்லீங்க. எங்கூட்டுக்காரி பாவாத்தாளால வந்துட்டனுங்க. அவனுக்குச் சட்டையெல்லாம் நாந்தான் தைப்பேன். இந்தத் தீபாவளிக்கு ஒரு துணியை வாங்கிட்டு வந்து மெஷின் மேல வெக்கறா. தரணிக்குச் சட்டை தைச்சுக் குடுங்க, பத்து வயசு அளவு வெச்சு வெட்டுங்க, இந்நேரம் வளந்திருப்பான்னு சொல்றா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"புத்தி கெட்டுப் போச்சாடின்னு கேட்டேன். அவன் போயி ரெண்டு வருசமாச்சுன்னு தெரியாதான்னு கேட்டேன். தெரியுமுங்க, தைச்சுக் குடுங்கங்கறா. கத்திரியை வீசிப்போட்டுக் கிளம்பி வந்துட்டனுங்க."

அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"பொய்யைக் கட்டிக்கிட்டு அழறவகூட எப்படிங்கம்மா குடித்தனம் பண்றது? எனக்கு உண்மை வேணுமுங்க. காவி குடுங்க, திரும்பிப் பாக்காமப் போயிர்றேன்."

"காவி எங்கயும் ஓடிப்போயிராதுங்க. மாட்டைப் பாருங்க."

இப்படிச் சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார். ஏதோ ஞானம் கிடைக்கும் என்று வந்தவருக்குச் சாணிக்கூடைதான் கிடைத்தது. மனிதருக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் போக்கிடம் இல்லை.

கொட்டகையில் மயிலை என்று ஒரு மாடு. சாம்பல் நிறம், அகலமான நெற்றி. அது அப்போதுதான் கன்று போட்டிருந்தது. கன்றுக்குட்டி நாச்சிமுத்துவின் பின்னாலேயே திரியும், வேட்டி நுனியைச் சப்பும். "தையக்காரரு துணி வாசம் அதுக்குப் புடிச்சிருக்குது" என்று மாராயி கேலி செய்வாள். சீ, போ என்று விரட்டுவார் அவர். விரட்டிவிட்டு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் அதன் காதுக்கு நடுவே சொரிந்து கொடுப்பார்.

அந்தக் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. மாராயி தெரிந்த மருந்தெல்லாம் கொடுத்தாள். டவுனிலிருந்து வந்த டாக்டர் ஊசி போட்டார். ஒரு நாள் காலையில் நாச்சிமுத்து கொட்டகைக்குப் போனபோது கன்று காலை நீட்டிக் கிடந்தது. மயிலை அதை மூக்கால் தள்ளித் தள்ளி எழுப்பிக்கொண்டிருந்தது.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கன்றை எடுத்துக்கொண்டு போனதும் மயிலை கத்த ஆரம்பித்தது. தீவனத்தைத் தொடவில்லை. மாராயி கறக்க உட்கார்ந்தால் காலை உதைத்தது. நாட்டு மாடு கன்றைப் பார்க்காமல் சுரப்பு விடாது, பாலை அடக்கிக்கொள்ளும். மடி கனத்துத் தொங்கியது. தொட்டால் சுட்டது.

மாராயி அம்மாவிடம் வந்தாள்.

"இப்படியே உட்டா மடி கல்லாயிரும். மாடும் தங்காதுங்கம்மா. கன்னுத் தோலை உரிச்சுப் பதம் பண்ணி வெச்சிருக்குது. வைக்கோலை அடைச்சுத் தைச்சா, கன்னுன்னு காட்டிக் கறந்தரலாம். தைக்க ஆளுதான்..."

சொல்லிக்கொண்டே நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தார்.

"தைச்சுக் குடுங்க" என்றார் அம்மா.

நாச்சிமுத்துவின் முகம் சிவந்துபோனது.

"இந்த வேலை வேண்டாமுன்னுதானுங்க ஊட்டை உட்டு வந்தேன்."

"தெரியுமுங்க."

"மடத்துல இப்படிப் பொய் பண்ணலாமுங்களா? வாயில்லாத ஜீவனை ஏமாத்தறது பாவமில்லீங்களா?"

"மடி வீங்கிக் கிடக்குதுங்க. முதல்ல தைங்க, பொறவு பேசலாம்."

கோணி ஊசியும் சணல் கயிறும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தோலில் உப்பும் சாம்பலும் ஒட்டியிருந்தன. மாராயி வைக்கோலைத் திணிக்கத் திணிக்க, அவர் வயிற்றுப் பக்கம் தைத்துக்கொண்டே வந்தார். தோலைத் திருப்பிப் பிடித்தபோது, காதுக்கு நடுவே அவர் சொரிந்து கொடுத்த இடம் கையில் பட்டது, ஊசி நின்றது. பிறகு அவசர அவசரமாகத் தைத்தார். எத்தனையோ பேருக்கு அளவெடுத்துத் தைத்த கை, அன்றைக்குத் தையலைக் கோணலாகப் போட்டது. கால்களுக்கு மூங்கில் குச்சியைச் செருகினார்கள்.

"போயி மயிலை மூஞ்சிக்கு முன்னால புடிங்க. நான் கறக்கறேன்" என்றாள் மாராயி.

நாச்சிமுத்து தோல்கன்றைத் தூக்கிக்கொண்டு போனார். மயிலையின் முன்னால் நின்றதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. அந்தக் கண்ணை நேராகப் பார்க்க முடியவில்லை. தோல்கன்றைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, சுவரோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

மயிலை கத்துவதை நிறுத்தியது. கழுத்தை நீட்டி மோந்தது. நெற்றியை மோந்தது, முதுகை மோந்தது. வயிற்றுப் பக்கம் தையல் விட்டுப்போய் வைக்கோல் எட்டிப் பார்த்தது. மயிலை அதை மெல்லக் கடித்து இழுத்தது. மென்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தது. கன்றின் வயிறு சப்பிப்போகிற அளவுக்கு இழுத்துத் தின்றுவிட்டு, மறுபடியும் தலையைத் தூக்கிக் கத்தியது. சொட்டுப் பால்கூட இறங்கவில்லை.

"என்னுங்க தையக்காரரே, இப்படியா வெக்கறது!" என்று மாராயி சத்தம் போட்டாள்.

நாச்சிமுத்து அதைக் காதில் வாங்கவில்லை. நேராக அம்மாவிடம் போனார். அம்மா கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு உண்மை தெரிஞ்சு போச்சுங்க."

"என்ன தெரிஞ்சுது?"

"மாடு ஏமாறலை. அது வைக்கோலை வைக்கோல்னு தின்னுட்டுதுங்க. தன் புள்ளை வயித்துல இருந்து உருவித் தின்னுதுங்கம்மா. வாயில்லாத மாட்டுக்குத் தெரியுது, எங்கூட்டுக்காரிக்குத் தெரியலை. இனி எனக்கு அந்த ஊடு இல்லீங்க. காவியைக் குடுங்க."

அவர் ஜெயித்துவிட்ட மனிதர் மாதிரி நின்றார், கண்ணில் மட்டும் தண்ணீர் நிறைந்திருந்தது. பாவம், அவரைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது.

அம்மா கையை உதறித் துடைத்துக்கொண்டார்.

"தர்றனுங்க. தையல் உட்டுப்போச்சே, அதை முடிச்சுக் குடுத்துட்டு வாங்கிக்குங்க."

இருவரும் கொட்டகைக்கு வந்தார்கள். நாச்சிமுத்து புது வைக்கோலை அடைத்து, இந்தத் தடவை நெருக்கமாகத் தைத்தார். எழுந்திருக்கப் போனார்.

"புடிங்க" என்றார் அம்மா.

"நானுங்களா?"

"நீங்கதான். மாராயி கறக்கோணுமில்ல."

நாச்சிமுத்து தோல்கன்றைத் தூக்கிப் பிடித்தார். ஒரு கை கழுத்துக்குக் கீழே, ஒரு கை வயிற்றுக்குக் கீழே. வேறு வழியில்லாமல் மயிலையைப் பார்த்தார். மயிலை தோல்கன்றைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. நெடுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் தலையைத் தாழ்த்தி நக்க ஆரம்பித்தது.

நெற்றியை நக்கியது. காதை நக்கியது. காதுக்கு நடுவே நக்கியது. நாக்கு தோலைத் தாண்டி அவர் மணிக்கட்டில் ஏறியது, சொரசொரவென்று தேய்த்துவிட்டுத் திரும்பத் தோலுக்குப் போனது. எது கன்று, எது கை என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. மயிலையின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பையனைக் கொண்டுபோன அன்றைக்குக்கூட ஆண்பிள்ளை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற மனிதர், மாட்டுக் கொட்டகையில் வாய்விட்டு அழுதார்.

மாராயியின் செம்பில் பால் விழும் சத்தம் கேட்டது.

"இறங்கிருச்சு" என்றாள் மெதுவாக.

அழுகை அடங்கியதும் நாச்சிமுத்து கேட்டார்.

"இப்ப ஏமாந்துருச்சுங்களா, அம்மா?"

"இப்பத்தான் வைக்கோலைத் தின்னு பாத்துச்சு. அதுக்குள்ள மறந்துபோயிருமாங்க?"

"பொறவு எதுக்குங்க நக்குது?"

அம்மா அவர் கையைப் பார்த்தார்.

"கை வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

"வலிக்குதுங்க."

"தூணுல சாத்தி வெச்சுட்டுச் சித்த நேரம் உக்காருங்க."

நாச்சிமுத்து தோல்கன்றைத் தூணில் சாய்த்துவிட்டுக் கையை உதறினார். மயிலையின் நாக்கு நின்றது. செம்பில் விழுந்த சத்தமும் நின்றது. தூணில் சாய்ந்து கிடந்த தோல்கன்றை மயிலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி நாச்சிமுத்துவைப் பார்த்தது.

அவர் அவசரமாக எழுந்து மறுபடியும் தூக்கிப் பிடித்தார். மயிலை தலையைத் தாழ்த்தியது.

நாச்சிமுத்து அசையாமல் நின்றார். அவர் முகத்திலிருந்த வேகமெல்லாம் வடிந்துபோயிருந்தது.

"தனியா வெச்சாத் தொடமாட்டேங்குதுங்களே, அம்மா. ஆரையாச்சும் கூட நிக்கச் சொல்லுதுங்களே."

"ஆமாங்க."

"தெரிஞ்சேதான் நக்குதுங்களா?"

"தெரிஞ்சேதான்."

மாராயி செம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கறந்து முடிந்துவிட்டது. ஆனாலும் நாச்சிமுத்து தோல்கன்றைக் கீழே வைக்கவில்லை. மயிலை நக்கிக்கொண்டே இருந்தது.

அம்மா உள்ளே போய், மடித்த காவி வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் திட்டின்மேல் வைத்தார். நாச்சிமுத்து அதைப் பார்த்தார். இரண்டு கையிலும் கன்று இருந்ததால் எடுக்க முடியவில்லை.

"நீங்க கேட்டதுங்க" என்றார் அம்மா.

நாச்சிமுத்து கன்றைக் கையில் சரிசெய்து பிடித்துக்கொண்டார்.

மயிலையின் முதுகைத் தடவிக்கொண்டே அம்மா கேட்டார்.

"ஏனுங்க, உங்கூட்டுல பாவாத்தாளுக்கு ஆரு புடிச்சுட்டு நிக்கறாங்க?"