எண்பது பங்கு

“அம்மா, கண்ணை மூடினால் சாமி வரவில்லை. புகைதான் வருகிறது.”

சொல்லிவிட்டு அழுதார் சிதம்பரநாதன். பாவம், உர ஆலை ஆய்வுக்கூடத்தில் தலைமை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலையடிக் குடிலில் இருந்த தவமணி அம்மையாரிடம் தியானம் பழக வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மையார் அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

“என்ன புகை?”

“எங்கள் ஆலையின் கந்தகப் புகை. அதை அமிலமாக மாற்ற ஒரு வினையூக்கி செய்தேன். சுண்டைக்காய் அளவு வெள்ளை உருண்டைகள். மேலே மெல்லிசாக ஓர் உலோக ஆக்சைடு பூச்சு. புகை அதன் வழியாகப் போனால் அமிலம் கிடைக்கும். உரம் செய்ய ஆகும்.”

“நல்ல காரியம்தானே?”

“முதலில் நூற்றுக்கு எண்பது பங்கைத்தான் மாற்றியது. தொண்ணூற்றெட்டு வரட்டும், அப்புறம் வெளியே காட்டலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டேன்.”

“எத்தனை நாள்?”

“ஆறு வருஷம்.”

“ஆறு வருஷமா! ஒரு விளக்குத் திரி திரிக்கவே அரை நாள் எடுப்பவர்தானே நீங்கள்.”

அவர் சிரிக்கவில்லை.

“அதுவரை புகை?”

“வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. முழுசாக.”

சிதம்பரநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “எனக்கு மன்னிப்பு உண்டா, அம்மா?”

அம்மையார் பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்துவிட்டது. குனிந்து, மார்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் என்று கையால் காட்டினார்.

சிதம்பரநாதன் அடுப்படிக்கு ஓடினார்.

டம்ளரின் அடியில் லேசாகக் கறை. சாம்பல் போட்டுத் தேய்த்தார். விளிம்பில் விரல் ரேகை தெரிந்தது. மறுபடி அலம்பினார். வேட்டி நுனியால் துடைத்துப் பானையில் மொண்டார்.

வெளியே இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் வந்தபோது நின்றிருந்தது.

அம்மையார் செடிக்கு ஊற்றத் தண்ணீர் வைத்திருந்த வாளியருகே உட்கார்ந்திருந்தார். கையால் அள்ளிக் குடித்திருக்கிறார். மோவாயில் ஒரு சருகுத் துணுக்கு ஒட்டியிருந்தது.

“ஐயோ அம்மா, அது அழுக்குத் தண்ணீர்!”

“தொண்டைக்குத் தெரியவில்லை, ஐயா.”

சிதம்பரநாதன் தன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். பளபளவென்று இருந்தது.

“இந்த இருமல்… எப்போதிருந்து?”

“உங்கள் ஆலைச் சுவருக்குப் பின்னால் ஒரு தெரு உண்டே. நான் அங்கேதான் குடியிருந்தேன்.”

அவர் சட்டென்று பின்வாங்கியதில் டம்ளரிலிருந்து தண்ணீர் கொஞ்சம் சிந்தியது.

அம்மையார் கையை நீட்டினார்.

“இன்னும் தாகமாக இருக்கிறது. கொடுங்கள்.”