மாம்பூவும் சரிகைச் சால்வையும்

ரொம்ப காலத்துக்கு முன்னே ஆம்பல் நாட்டை இளஞ்சிங்கன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்ல மனுசன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. மாம்பழ விசயத்தில் மட்டும் எப்போதும் ஒரே புத்தி. தன் கையால் நட்ட மாமரத்தைப் பார்க்காமல் காலைப் பலகாரத்தைத் தொடமாட்டான்.

அப்பேர்ப்பட்டவனிடம் மல்லுக்கட்டித்தான் மந்திரி மருதவாணர் நாட்டுக்கென்று ஓர் அறிவியல் மன்றம் எழுப்பியிருந்தார். வானம், மண், மருந்து என்று ஆராய்கிறவர்களுக்கு அங்கே சோறும் இடமும் உண்டு. புதிதாக ஏதாவது கண்டுபிடித்தவருக்கு, ராசா தன் பிறந்தநாளில் சரிகைச் சால்வை போர்த்துவான்.

அந்த வருசம் ராசா சால்வையோடு நிற்கிறான், வாங்க ஆளில்லை! கண்நோய்க்கு மருந்து தேடும் எழினி மட்டும் எழுந்து, "இந்த வருசமும் பிடிபடவில்லை மன்னா" என்று உள்ளதைச் சொன்னாள். ராசாவின் முகம் சுண்டிப்போச்சு.

எப்படா என்று காத்திருந்தார் அரண்மனை அதிகாரி பூபாலர். மன்றக் கட்டடத்தைத் தன் மாளிகையாக்கிக்கொள்ள அவருக்கு வெகுநாள் ஆசை.

"எல்லாம் தண்டச்சோறு மன்னா! யார் கண்டுபிடிப்பார், யார் பிடிக்கமாட்டார் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். தேறாததுகளை இன்றே விரட்டிவிடலாம். முதலில் இந்த அம்மாள்!"

"சரி, அப்படியே செய்யும்!" என்றான் ராசா.

எழினிக்குக் கண் கலங்கியது. மருதவாணருக்கு இனிச் சோறு இறங்குமா? பெற்ற பிள்ளையைப் போல வளர்த்த மன்றம் அல்லவா? இருந்தாலும் மனுசர் சிரித்த முகமாகவே எழுந்தார்.

"ஆகா, பூபாலர் கண்ணே கண்! மன்னா, அந்தக் கண்ணுக்கு அதைவிட அவசர வேலை ஒன்று தோட்டத்தில் கிடக்கிறது."

சபையே தோட்டத்துக்குப் போனது. ராசாவின் மாமரம் இலை தெரியாமல் பூத்துக் கிடந்தது.

"இதில் முக்கால்வாசிப் பூ சும்மா உதிரப்போகிறது. வீணாக மரத்துச் சத்தைத் தின்கிறது. தேறாத பூவை மட்டும் பூபாலர் கிள்ளிப் போடட்டுமே!" என்றார் மந்திரி.

"நல்ல யோசனை!" என்றான் ராசா. "ஆனால் பூபாலரே, காய்க்கிற பூ ஒன்றைத் தொட்டீரோ, தொலைந்தீர்!"

வேறு வழியில்லாமல், பட்டு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு பூபாலர் ஏறினார். ஒரு கொத்தில் கை வைத்தார்.

"ஐயோ, அது வேண்டாம்! அது காய்க்கும்போல இருக்கிறது!" என்று கீழேயிருந்து ராசா பதறினான்.

இன்னொரு கொத்துக்குக் கை போனது. "அதுவும் வேண்டாமய்யா!"

இதற்குள் மரத்திலிருந்த முசுறு எறும்புகள் பூபாலரை மொய்த்துவிட்டன. "அம்மாடியோவ்! பூவைப் பார்த்து எவனால் சொல்ல முடியும்? எல்லாம் இருக்கட்டும், காய்க்கிறது காய்க்கட்டும்!" என்று அலறிக்கொண்டே தொப்பென்று குதித்தார்.

"அதைத்தான் மன்னா நானும் சொல்கிறேன்" என்றார் மருதவாணர். "மரத்திடம் காட்டுகிற பொறுமையை மன்றத்திடமும் கொஞ்சம் காட்டக்கூடாதா?"

ராசா மரத்தைப் பார்த்தான், எழினியைப் பார்த்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான். "நான் ஒரு மடையன், மந்திரியாரே! மன்றத்திலிருந்து ஒருவரும் போக வேண்டாம்."

அந்தப் பக்கம் பூபாலர் உடம்பெல்லாம் தடித்து, சொறிந்து சொறிந்து ஆடிக்கொண்டிருந்தார். எழினிக்கு மனசு கேட்கவில்லை. இடுப்பிலிருந்த சிமிழைத் திறந்து பச்சைக் களிம்பைத் தடவிவிட்டாள். சற்றைக்கெல்லாம் அரிப்பு அடங்கியது.

"அம்மா, இது என்ன மருந்து?" என்றார் பூபாலர், குரல் இறங்கி.

"கண்நோய்க்கு அரைத்துத் தோற்றுப்போனது ஐயா. பச்சிலை பறிக்கும்போது எறும்பு கடித்தால் போட்டுக்கொள்வேன்."

"இதை ஏன் சபையில் சொல்லவில்லை?" என்றான் ராசா.

"நான் தேடியது இதையில்லையே மன்னா."

ராசா பூபாலரையே தட்டேந்தச் சொல்லி, எழினிக்குச் சால்வையைப் போர்த்தினான்.

"கண்நோய் மருந்து?"

"இன்னும் பிடிபடவில்லை மன்னா."

"பிடிபடும்வரை தேடு தாயி. சோறு என் பொறுப்பு" என்றான் ராசா. அன்று மருதவாணர் வயிறாரச் சாப்பிட்டார்.