கத்தாத பெட்டி

மில் மூடிய பிறகு, ஐம்பத்திரண்டாவது வயதில், தேவசகாயம் யூ.பி.எஸ். பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள ஜுலைகாவிடம் போய்ச் சேர்ந்தார். ஜுலைகா அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். தொழிற்பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுத்தவர் என்பதால் கோவில்பட்டியில் எல்லோருக்கும் டீச்சர். தேவசகாயத்துக்கும் டீச்சர்தான். அவர் இவரை அண்ணாச்சி என்பார்.

ஒரு நாள் காலை, கட்டட வரைபடம் போடும் ஓர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கரண்ட் போயிருக்கிறது. யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு நின்றுவிட்டது. ஆறு கம்ப்யூட்டரும் ஒரே நொடியில் அணைந்தன. கரண்ட் வந்தபின் ஐந்து எழுந்தன. ஒன்று எழவில்லை. அதன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது.

இருவரும் போனபோது, அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் அங்கே வேலை பார்க்கும் பொன்செல்வி உட்கார்ந்திருந்தாள். பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இருபது நாளாக அவள் வரைந்த படம் அதற்குள் இருந்தது. நகல் எடுத்து வைக்கவில்லை.

"திரும்பி வருமா டீச்சர்?"

"வராதும்மா."

டீச்சர் யூ.பி.எஸ். பெட்டியின் மூடியைக் கழற்றினார். பீப் பீப் என்று கத்தும் சின்ன வட்டத்துக்குப் போகிற வயர் வெட்டப்பட்டிருந்தது. முனையில் கறுப்பு டேப்.

"யாரு பார்த்த வேலை?"

"நான்தான் டீச்சர்," என்றார் தேவசகாயம். "போன மாசம். கரண்ட் போனா இது கத்திக்கிட்டே இருக்கு, வேலை ஓட மாட்டேங்குதுன்னாங்க. எல்லா ஆபீஸ்லயும் இதத்தானே கேக்காங்க."

"டேப் நல்லாச் சுத்தியிருக்கீங்க."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது தேவசகாயத்துக்கு.

டீச்சர் பொன்செல்வியிடம் திரும்பினார். "கரண்ட் போனப்புறம் எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"பதினெட்டு நிமிஷம். ஃபேன்தான் நின்னுச்சு. கம்ப்யூட்டர் ஓடுச்சா, நான் பாட்டுக்கு வரைஞ்சேன்."

"என்ன வரைஞ்ச?"

"இன்னொரு சுவர்."

தேவசகாயம் மெல்லக் கேட்டார். "ரெண்டு பேட்டரி கூடப் போட்டிருந்தா, டீச்சர்?"

"ரெண்டு சுவர் கூட வரைஞ்சிருப்பா."

வாசலில் டீக்கு நின்றபோது, காலையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததைத் தேவசகாயம் சொன்னார். அவர் மனைவி எஸ்தருக்குக் கல்லீரல் கெட்டிருந்தது. மதுரையில் கைவிரித்து, ஒரு மாதம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் பாதி, மூன்று வைத்தியர்களின் வாசலிலேயே போயிருந்தது.

"நாலு நாள் லீவு வேணும். பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியராம். இன்னொரு மாசம் கூட்டித் தருவாராம்."

"அக்கா உங்ககிட்ட என்னமோ சொல்லணும்னு தவிக்காங்கன்னீங்களே. சொல்லிட்டாங்களா?"

"பேசினா மூச்சு வாங்குது, டீச்சர். முதல்ல குணமாகட்டும், அப்புறம் பேசலாம்னு அதட்டி வச்சிருக்கேன்."

டீச்சர் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். தேவசகாயமும் பின்னால் போனார். வெட்டிய வயரைப் பற்றவைத்தார். சுவரிலிருந்து யூ.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கினார்.

பெட்டி கத்தத் தொடங்கியது.

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்துவிட்டு, ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டரை அணைத்தார்கள். ஐந்து திரையும் கறுத்தன. பெட்டி இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"இன்னும் சார்ஜ் இருக்கே டீச்சர். அதுக்குள்ள ஏன் மூடிட்டாங்க?"

"அது கத்துனது காதுல விழுந்துச்சு."

தேவசகாயம் கருவிப் பையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

எஸ்தர் விழித்துத்தான் இருந்தாள். அவர் பாயில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"சொல்லு எஸ்தரு. கேக்கேன்."

அவள் உதடு அசைந்தது. காலையிலிருந்தே குரல் வரவில்லை என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவர் உதட்டருகே காதை வைத்தார். சூடான மூச்சு மட்டும் வந்தது. மூன்று நாள் அப்படியே குனிந்திருந்தார். பிறகு அந்த மூச்சும் நின்றது.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் வேலைக்கு வந்தார். புது பேட்டரி மாட்ட அதே அலுவலகத்துக்குப் போனார்கள். பொன்செல்வி இருவரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். ஆஸ்பத்திரி முழுசாக நின்றது.

"மனசுல இருந்ததை வச்சே போட்டுட்டேன், டீச்சர். ஒரே ஒரு கதவு மட்டும் எங்க வச்சேன்னு ஞாபகம் வரல."

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் தேவசகாயம் பையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துத் தோளில் போட்டார்.

"அந்தப் பொண்ணு எல்லாத்தையும் திரும்ப வரைஞ்சிட்டாளே, டீச்சர்."

டீச்சர் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ வரைஞ்சது அவளுக்குத் தெரியும், அண்ணாச்சி."