துடுக்கியின் பாதி வால்

காட்டுக் குட்டையின் கரையில் ஒரு மருதமரம் நின்றது. அதன் உச்சிக்கிளையில் ஏறிக் காவல் பார்ப்பது துடுக்கி என்ற இளம் மந்தியின் வேலை. கீழே தண்ணீருக்கு வரும் மான்களுக்கு அவள் குரல்தான் உயிர். அவள் நீளமாக "ஊம்" என்றால் இறங்கிக் குடிக்கலாம். "கக் கக்" என்றால் சிறுத்தை வருகிறது, ஓட வேண்டும். கண்ணால் பார்த்த பிறகே குரல் கொடுப்போம் என்பது மந்திகள் மான்களுக்குக் கொடுத்திருந்த வாக்கு.

அது கொளுத்தும் கோடை. உச்சிக்கிளை கையைச் சுட்டது. துடுக்கி சாதாரண நாளிலேயே சோம்பேறி, வெயில் நாளில் கேட்கவா வேண்டும்?

அந்த மரத்தின் பொந்தில் சொல்லழகி என்ற மலை மைனா இருந்தாள். அவள் பொந்தை விட்டு நகரவே மாட்டாள். ஆனால் வந்து போகிற பறவைகள் பேசுவதையெல்லாம் கேட்டு மனதில் வைத்துக்கொள்வாள். எந்த மரத்தில் பழம் பழுத்திருக்கிறது, எங்கே தேன் இருக்கிறது, எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் வரும். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். யார் குரலில் வேண்டுமானாலும் பேசிக் காட்டவும் செய்வாள்.

ஒருநாள் துடுக்கி அவளிடம் சிறுத்தை எங்கே என்று கேட்டுப் பார்த்தாள். பதில் வந்தது. ஏறிப் பார்த்தாள், சரியாக இருந்தது. மறுநாளும் சரி. அதோடு துடுக்கி ஏறுவதையே விட்டுவிட்டாள். பொந்துக்குப் பக்கத்தில் இலை மறைவில் கால் நீட்டிப் படுத்தபடி மைனாவைக் கேட்பாள், உடனே குரல் கொடுப்பாள். அவள் கண்ணுக்கு எதுவுமே தப்பாது என்று மான்கள் புகழ்ந்தன. தான் எதையும் பார்க்கவே இல்லை என்பதை அவள் வாய் திறந்து சொல்லவில்லை. புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்?

பொழுது போகாதபோது மைனாவிடம் ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். பொறிச்சி என்ற பெண்மான் புதிதாக ஈன்ற குட்டியைக் கோரைப்புல்லில் எந்த இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்பதையும் அப்படித்தான் உளறிவிட்டாள்.

ஒரு மாலை அந்தப் பொறிச்சி மரத்தடிக்கு வந்து நின்றாள். விலா எலும்புகள் துருத்திக்கொண்டு தெரிந்தன.

"துடுக்கி, தாகம் தாங்கலை. பால் வத்திப்போச்சு. குட்டி கத்தக்கூடத் தெம்பில்லாம கிடக்கு. குட்டையில இறங்கலாமா?"

துடுக்கி பொந்துப் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தாள். சிறுத்தை மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்றாள் மைனா. "ஊம்" என்று துடுக்கி குரல் கொடுத்தாள். பொறிச்சி தண்ணீரை நோக்கி ஓடினாள்.

பேச்சுவாக்கில்தான் துடுக்கி கேட்டாள், அது மலைக்குப் போனதை யார் பார்த்தது என்று.

"மரங்கொத்தி சொன்னான்."

"எப்போ?"

"அது எனக்கெப்படித் தெரியும்? காதுல விழுந்ததைச் சொல்றேன். நேத்தா, போன மாசமான்னு நான் யோசிக்கிறதில்லை."

துடுக்கி எழுந்து உட்கார்ந்தாள். 

"இன்னைக்கு வேற யாராச்சும் உன்கிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

"கேட்டாங்களே. நீ தூங்கிட்டிருந்தப்போ, மான்குட்டி எங்க படுத்திருக்குன்னு கீழே இருந்து ஒரு குரல். ரொம்ப மெதுவான, மரியாதையான குரல். நீ சொன்னதை அப்படியே சொன்னேன்."

துடுக்கி மேல்கிளைக்குத் தாவினாள். எப்படி உச்சிக்கு ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. காற்றே இல்லை. ஆனாலும் கோரைப்புல் ஓரிடத்தில் மட்டும் அசைந்தது. மஞ்சள் முதுகு ஒன்று குட்டி கிடந்த பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"கக்! கக்!"

பொறிச்சி சட்டென்று தலையைத் தூக்கினாள். அதே நேரம் பொந்துக்குள்ளிருந்து, துடுக்கியின் குரலிலேயே, நீளமாக ஒரு "ஊம்" வந்தது. மைனா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அந்த வேளையில் தினமும் கேட்ட சத்தத்தைத் திருப்பிச் சொன்னாள், அவ்வளவுதான். ஓடு என்றது ஒரு துடுக்கி, குடி என்றது இன்னொரு துடுக்கி. பாவம், பொறிச்சி எதை நம்புவாள்? தண்ணீரிலேயே திகைத்து நின்றாள்.

இனிக் கத்திப் பயனில்லை. தரையில் இறங்கிய மந்தி சிறுத்தையிடம் தப்புவது கடினம் என்று துடுக்கிக்குத் தெரியும். தெரிந்தும் குதித்தாள். பொறிச்சியின் கண்ணெதிரே போய் நின்றாள்.

"இத்தனை நாளா நான் பார்க்காமலே சொன்னேன். மைனா சொன்னதை நான் பார்த்ததாச் சொல்லி உன்னை ஏமாத்தினேன். இப்பதான் என் கண்ணால பார்த்தேன். உன் குட்டிகிட்ட சிறுத்தை!"

பொறிச்சி அலறிக்கொண்டு பாய்ந்தாள். துடுக்கி அவளுக்கு முன்னால் புல்லுக்குள் புகுந்து குட்டியைப் பிடித்துத் தள்ளினாள். அது தட்டுத்தடுமாறி எழுந்து தாயின் குரல் வந்த பக்கம் ஓடியது. சிறுத்தையின் பாதம் துடுக்கியின் மேல் இறங்கியது. அவள் பிய்த்துக்கொண்டு மரத்தில் ஏறியபோது வாலில் பாதி இல்லை.

அதற்குள் எல்லா மான்களும் குளம்பைத் தட்டிக் கத்தத் தொடங்கியிருந்தன. மறைவு கலைந்த பிறகு சிறுத்தை அங்கே நிற்குமா? உறுமிவிட்டுப் போய்விட்டது.

பொறிச்சி குட்டியை நக்கிக் கொடுத்துவிட்டு மரத்தடிக்கு வந்தாள். நன்றி சொல்லவில்லை. கோபம் அவள் கண்ணில் அப்படியே இருந்தது.

"நாளைக்கும் எனக்குத் தாகம் எடுக்கும். நாளைக்கும் உன்னை நம்பித்தான் வரணும். இனிமே வெறும் குரல் போதாது, துடுக்கி. நீ உச்சியில நிக்கிறது என் கண்ணுக்குத் தெரியணும்."

துடுக்கி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து உச்சிக்கிளையில் நின்று, வெட்கமும் வலியுமாக அந்தப் பாதி வாலை ஆட்டிக் காட்டிய பிறகே அவள் "ஊம்" என்கிறாள். மைனா இன்னும் அதே பொந்தில்தான் இருக்கிறாள். பழம் எங்கே என்று துடுக்கி இப்போதும் அவளைக் கேட்பதுண்டு, கேட்டுவிட்டுத் தானே போய்ப் பார்த்துக்கொள்வாள். யார் குட்டி எங்கே தூங்குகிறது என்று மட்டும் அவளிடம் பேசுவதே இல்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் துணையிடம் பிறர் ரகசியத்தைச் சொல்லாதே, அது சொன்னதைச் சரிபார்க்காமல் உன் வாக்காகப் பிறருக்குக் கொடுக்காதே.