இரண்டு ஜன்னலுக்கு நடுவே எட்டு அடி

“மேடம், புதுசு பழசைவிட மந்தமா இருக்கு,” என்றார் தணிகாசலம்.

பர்வீன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“எது?”

“இடையாள்தான்.”

குழந்தைகள் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் ஒரு குளிர் அறை. அங்கே மூன்று பெரிய கம்ப்யூட்டர்கள். பிள்ளைகளின் பெயர்களை ஒன்றில்தான் எழுதுவார்கள். மற்ற இரண்டும் அதைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்ளும் நகல்கள். பெயர் எழுத வந்தால் அசலிடம் அனுப்ப வேண்டும். பெயர் இருக்கிறதா என்று கேட்டு வந்தால் நகலிடம் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்புவதற்கென்றே நடுவில் ஒரு மென்பொருள். படித்தவர்கள் அதை ப்ராக்ஸி என்பார்கள். தணிகாசலம் இடையாள் என்பார்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. பர்வீனுக்கு இருபத்தொன்பது. பதினோரு வருஷம் கீழே, முதல் ஜன்னலில் எழுதிய பெயரைப் பார்த்து டாக்டரிடம் அனுப்பும் இரண்டாம் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர், கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவராகவே கேட்டு, ஆறு மாசம் முன்னால் மேலே வந்தார். பர்வீன்தான் சொல்லிக்கொடுக்கிறாள். சொல்வது கொஞ்சம்தான்.

நேற்று இடையாளுக்குப் புதுப் பதிப்பு போட்டார்கள். அதையே வைத்துக்கொள்வதா, பழசுக்குத் திரும்புவதா என்று இன்று பகல் ஒரு மணிக்குள் தணிகாசலம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த அறையில் அவர் போடப்போகும் முதல் கையெழுத்து.

“என்னென்ன வந்திருக்கு?” என்றாள் பர்வீன்.

அவர் தாளைப் பிரித்தார்.

“பதினேழு மேடம். ஒரு கம்ப்யூட்டர் படுத்துட்டா நம்மளைக் கேக்காமலே அடுத்ததுக்கு மாறிக்குது. கூட்டம் ஜாஸ்தியானா விரட்டாம வரிசையில நிக்க வைக்குது. அது எழுதி வைக்கிற குறிப்புல கடவுச்சொல் வந்தா மறைச்சிடுது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தப் பதினாலாவதுதான்…”

“என்ன அது?”

“காத்திருப்பாம். ஒரு பேரை எழுதினா, அது நகலுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும், கேட்டு வர்றவங்களை நிறுத்தி வைக்குதாம். முன்னாடி வேணும்னா போட்டுக்கலாம். இப்ப போட்டே வருது.”

“அதனால?”

“அரை நொடி மந்தம் மேடம். எல்லாத்தையும் சேர்த்து சராசரி பார்த்துட்டேன். காலையிலேயே அதை அணைச்சும் வெச்சுட்டேன். இப்ப பறக்குது பாருங்க.”

பர்வீன் பார்க்கவில்லை. ஒரு கடலையை வாயில் போட்டாள்.

“கீழே முதல் ஜன்னலுக்கும் ரெண்டாம் ஜன்னலுக்கும் நடுவுல எத்தனை அடி?”

தணிகாசலம் சிரித்துவிட்டார்.

“பதினோரு வருஷம் அங்க உக்காந்தவன் மேடம் நான்.”

“எத்தனை?”

அவருக்குத் தெரியவில்லை. கீழே போனார்.



“எட்டு,” என்றார், திரும்பி வந்து.

“நடக்க எவ்வளவு நேரம் ஆகுது?”

“ஆறு எண்ணுறதுக்குள்ள வந்துட்டேன்.”

“நீங்களா நடந்தீங்க?”

“ஆமா.”

“உங்களுக்கா காய்ச்சல்?”

அவர் மறுபடியும் கீழே போனார்.



இந்த முறை வர நேரமாயிற்று. கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

“பேரனைத் தூக்கிட்டு ஒரு பெரியவர், பத்து. ரெட்டைப் பிள்ளை வெச்சிருக்கற அம்மா, பன்னெண்டு. கால்ல கட்டுப் போட்ட வாண்டு ஒண்ணு தாண்டித் தாண்டி வந்துச்சு, பதினஞ்சு. எல்லாருக்கும் பேர் இருந்துச்சு. அணைச்சதால ஒரு குறையும் இல்ல மேடம். கையெழுத்து போட்டுடவா?”

“அசல்ல எழுதினதை நகல் எழுதிக்க எவ்வளவு நேரம் ஆகுது?”

அவர் திரையைப் பார்த்தார்.

“இந்தக் கூட்டத்துக்கு, நாலு எண்ணலாம்.”

“நாலுக்குள்ள யார் வந்தா?”

“எட்டு அடியை நாலுக்குள்ளயா? யாரும் வரமாட்டாங்க மேடம். ஓடினாத்தான் உண்டு. ஓடக்கூடாதுன்னு அங்க போர்டே இருக்கு. என் கையால எழுதினது.”

“என்ன எழுதினீங்க?”

“‘பெயர் எழுதாமல் ஓடி வராதீர்கள்.’”

“எதுக்கு?”

“தினமும் ரெண்டு மூணு பேர் அப்படித்தான் வருவாங்க மேடம். மூச்சு வாங்க வந்து நம்பரை நீட்டுவாங்க. பார்த்தா பேரே இருக்காது. போய் எழுதிட்டு வான்னா அழுவாங்க. சத்தியமா எழுதினேம்பாங்க. பதட்டம். எழுதாமலே ஓடி வந்துடறது.”

“எழுதாமலேயா?”

“பின்னே?”

பர்வீன் உள்ளங்கையில் இருந்த தோலை ஊதினாள். அது பறந்து அவர் தாளின்மேல் விழுந்தது.

தணிகாசலம் தாளைப் பார்த்தார். திரையில் இருந்த நாலைப் பார்த்தார். பிறகு அவள் சொல்லாமலே கீழே போனார்.



மணி பன்னிரண்டரை. முதல் ஜன்னலில் முப்பது பேர் நின்றார்கள். அவர் சுவரோரமாக நின்றுகொண்டார்.

ஒரு பெண் துண்டில் சுற்றிய பிள்ளையோடு உள்ளே வந்தாள். வரிசையில் இருந்தவர்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டு வழி விட்டார்கள்.

“பேரு ரெஜினா. அப்பா பேரு சூசை. ரெண்டு வயசு. காய்ச்சல்ல வெட்டி வெட்டி இழுக்குதுங்க.”

முதல் ஜன்னல்காரர் தட்டினார். நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். தணிகாசலம் அதைத் தன் கண்ணால் பார்த்தார்.

அவள் ஓடினாள்.

ஒன்று, என்று எண்ணினார். இரண்டு.

அதற்குள் அவள் இரண்டாம் ஜன்னலில் இருந்தாள்.

அங்கே இப்போது கோமளவல்லி உட்காருகிறாள். நம்பரைத் தட்டிப் பார்த்தாள்.

“இதுல பேரே இல்லையே.”

“இப்பத்தாங்க எழுதினாங்க.”

“எங்க, காத்துலயா? போ, போய் எழுதிட்டு வா. போர்டைப் பார்த்தியா?”

“சத்தியமா எழுதினாங்கக்கா.”

தணிகாசலத்துக்கு அந்தக் குரல் தெரியும். இத்தனை வருஷமும் முகங்கள்தான் வேறு வேறாக இருந்தன.

அந்தப் பெண் அந்த முப்பது பேரைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் கால் துண்டுக்கு வெளியே ஒரு தரம் உதறிற்று.

தணிகாசலம் குறுக்கே கையை நீட்டினார்.

“போகாதம்மா. இங்கேயே நில்லு.”

“சார், பேர் இல்ல சார்,” என்றாள் கோமளவல்லி.

“இருக்கு. கொஞ்சம் பொறு.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு எண்ணு.”

கோமளவல்லி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் எண்ணினாள். மறுபடி தட்டினாள்.

“அட! ரெஜினா. வந்துடுச்சு சார். ஏழாம் ரூம்மா. ஓடு, ஓடு.”

அவள் ஓடினாள். கதவு திறந்து மூடியது.

தணிகாசலம் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றார். உள்ளேயிருந்து பிள்ளை வீறிட்டு அழும் சத்தம் வந்த பிறகுதான் அசைந்தார். ஆணியிலிருந்த போர்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“சார், அதை எங்க எடுத்துட்டுப் போறீங்க?” என்றாள் கோமளவல்லி.

மூன்று மாடியையும் அவர் ஓடியே ஏறினார்.



முதலில், அணைத்து வைத்திருந்த பதினாலாவதை மறுபடி போட்டார். பிறகு ‘புதுப் பதிப்பே இருக்கட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓடி வந்த அவசரத்தில் தன் பெயரே கோணலாக விழுந்தது.

போர்டை மேஜைமேல் வைத்தார்.

“பதினோரு வருஷம், மேடம்.”

பர்வீன் போர்டில் இருந்ததைப் படித்தாள்.

“தினமும் ரெண்டு மூணு பேர்.”

அவள் போர்டைக் கவிழ்த்துப் போட்டாள். உரித்து வைத்திருந்த கடலையில் பாதியை அதன்மேல் கொட்டி, அவர் பக்கம் தள்ளினாள்.

“மீதிப் பதினாறையும் படிங்க,” என்றாள்.