சுண்டுவிரல்

இரவு விளக்கை அணைத்ததும் போர்வைக்குள்ளிருந்து ஒரு விநோதச் சத்தம். "மே ஐ... மே ஐ..." என் மகள் நறுமுகை தூக்கத்தில் திக்கிக்கொண்டிருந்தாள். தமிழ்ப் பள்ளியிலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறிய பிள்ளை. இங்கிலீஷில் கேட்டால்தான் பாத்ரூமுக்கு விடுவார்களாம். அன்றும் ஈரப் பாவாடையோடுதான் வந்தாள்.

மறுநாள் பெற்றோர் கூட்டத்துக்கு அவளையும் கூட்டிப்போனேன். நான் கான்வென்ட்டில் படித்தவள்தான். ஆனாலும் பிரின்சிபாலைக் கண்டால் எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"மேடம், இங்கிலீஷ் பேச்சு வர்ற வரைக்குமாவது பாத்ரூமுக்குத் தமிழ்ல கேட்டா..." என்று இழுத்தேன்.

"நோ! இந்த கேட்டுக்குள்ள எல்லாருக்கும் இங்கிலீஷ்தான். ஆயாவுக்கும்தான். முடியலைன்னா டி.சி. வாங்கிக்கோங்க."

கதவோரம் நின்ற சூசையம்மா ஆயா பணிவாகத் தலையாட்டினார்.

கூட்டம் நீண்டது. காபி மேல் காபி குடித்த பிரின்சிபால் திடீரென்று எழுந்து வராந்தாவுக்கு ஓடினார். பாத்ரூம் பூட்டியிருந்தது. சாவி ஆயாவின் இடுப்பில்.

"கீ! ஓப்பன் இட்! குயிக்!"

ஆயா ஒன்றும் புரியாதவராகச் சிரித்தார்.

"ஏம்மா, சாவியக் குடு!"

தமிழைக் கேட்டதும் ஆயா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

பிரின்சிபால் நெளிந்தார். கடைசியில், எங்கள் எல்லார் முன்னாலும், சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார்.

உடனே சாவி வந்தது. "இது புரியுதுங்க மேடம். பிள்ளைங்க காட்டினா மட்டும் டீச்சருக்குப் புரியாதா?"

என் நாக்கு அவிழ்ந்தது. "இனிமே பிள்ளைங்களும் விரல் காட்டினாப் போதுமா? யெஸ்ஸா, நோவா, மேடம்?"

"யெஸ்! யெஸ்!" என்றபடி பிரின்சிபால் உள்ளே ஓடினார்.

அவர் வெளியே வந்தபோது எதிரில் நறுமுகை நின்றாள், சுண்டுவிரலைத் தூக்கியபடி. வகுப்பு டீச்சர் "மே ஐ கோ, மேடம்" என்று எடுத்துக்கொடுக்க, அவளும் திக்காமல் சொன்னாள். பிரின்சிபால் விலகி வழிவிட்டார்.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கணீரென்று கேட்டது.