காவலை அழைக்காமல் பிறந்த சீட்டு

அந்தக் காலத்தில் சர்வருக்குள் இருந்த புரோகிராம்கள் எல்லாம் வாய் திறந்து பேசும். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அவற்றில் கன்ட்ரோலர் என்று ஓர் இனம். இணையதளத்தின் வாசலில் நின்று, வருகிறவர் கேட்பதை உள்ளேயிருந்து எடுத்துவந்து கொடுப்பது அதன் வேலை. கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு கன்ட்ரோலர் புதிதாகப் பிறக்கும். காரியம் முடிந்ததும் மறைந்துபோகும், முன்பிறவி நினைவு மட்டும் போகாது. பாவப்பட்ட பிறவி. பிறக்கும் நேரத்தில் பெற்றவர்கள் வந்து கையில் வைத்துவிட்டுப் போவதுதான் அதற்குச் சொத்து. அந்தப் பிறப்புச் சடங்குக்குக் கன்ஸ்ட்ரக்டர் என்று பெயர்.

அப்போதெல்லாம் ஒரு கன்ட்ரோலருக்கு எத்தனை பெற்றோர் வேண்டுமானாலும் இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காகச் புரோகிராம் எழுதும் செண்பகராமன் என்பவர் சீட்டு என்றொரு கன்ட்ரோலரை எழுதினார். பரிசோதனை முடிவைக் காட்டுவது அதன் வேலை. தாய் ஏடு, எல்லாருடைய முடிவுகளும் அவளிடம் இருந்தன. தகப்பன் காவல், வந்திருப்பவர் யார், கேட்பது தன்னுடைய முடிவைத்தானா என்று விசாரிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

பிள்ளைக்கென்று தனிச் சடங்கு எழுதினால் பெற்றவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைக்க வேண்டும் என்பது புரோகிராம்களின் முறை. அழைக்காவிட்டால் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ரோஷக்காரர்கள். செண்பகராமன் சீட்டுக்கு ஆடம்பரமாகச் சடங்கு எழுதினார். கூடத்தின் சின்னம் என்ன, நிறம் என்ன, வரவேற்கும் வாசகம் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதினார். பெற்றோரில் ஏட்டை மட்டும் அழைத்தார்.

சீட்டு பிறந்ததும் கையைப் பார்த்தது. முடிவுகள் இருந்தன, வந்தவரை விசாரிக்கத் தகப்பன் தரவேண்டிய சாவி இல்லை.

"அண்ணாச்சி, எங்கப்பா வரல. அவரையும் கூப்பிடுங்க" என்றது.

"அம்மையைக் கூப்பிட்டாச்சுல்லா? புருசனும் பொண்டாட்டியும் தனித்தனியாவா வருவாவ? போய் வாசல்ல நில்லு" என்றார் செண்பகராமன்.

ஏட்டிடம் கேட்டால், அழைப்பு எனக்குத்தானே வந்தது, அவரை நான் ஏன் கூட்டிவர வேண்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரையில் முடிவு அழகாக வந்துவிட்டது. செண்பகராமனுக்கு அது போதும். சாப்பிடப் போய்விட்டார்.

அந்த ஊர் மில்லில் வேலை பார்த்து, மில் விடுதியில் தங்கியிருந்த தங்கபுஷ்பம் என்ற பெண் இருமல் விடாமல் அங்கே சளிப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தாள். மில் விடுதியின் வார்டன் ரத்தினபாயும் அதே நாளில் சர்க்கரைக்குக் கொடுத்திருந்தாள். வார்டன் தன் பரிசோதனை எண்ணைப் போட்டுப் பார்த்தாள். பிறகு அடுத்த எண்ணையும் போட்டாள். நீ யார் என்று கேட்கச் சீட்டுக்குத் தெரியாது. கேட்கத் தெரிந்த தகப்பனைத்தான் அழைக்கவில்லையே. எடுத்துக் கொடுத்துவிட்டது. தங்கபுஷ்பம் பெயரில் காசநோய் என்று இருந்தது.

தனக்கு என்ன நோய் என்று தங்கபுஷ்பம் அறியும் முன்பே விடுதி முழுக்க அறிந்துவிட்டது. மாத்திரை தின்றால் தீருகிற நோய். அதை ஒருவரும் சொல்லவில்லை. அவளைத் துணிமணியோடு தெருவில் நிறுத்தினார்கள். மில்லும் இனி வரவேண்டாம் என்றது.

அவள் நேராகப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து, என் முடிவை ஊருக்குக் காட்டியது யார் என்று கேட்டாள். முதலாளி செண்பகராமனைப் பார்த்தார். செண்பகராமன் கூசாமல் திரையைக் காட்டி, இந்தச் சீட்டு சரியில்லை, அழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

திரைக்குள்ளிருந்து சீட்டு அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னது. தங்கபுஷ்பம் முழுக்கக் கேட்டாள். அதுவரை அதன் பேச்சை முழுதாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். பிறகு செண்பகராமனிடம் திரும்பினாள்.

"அப்பாவைக் கூப்பிடுங்கன்னு பச்சப்புள்ள கேட்டிருக்கு. ஒரு வரி எழுத ஒமக்குக் கை வலிச்சுதா வே? அந்த ஒரு வரியிலதான என் பொழப்பு இருந்துச்சு?"

பதிலுக்குச் சீட்டுதான் பேசியது.

"அக்கா, இனி நான் யார்கிட்டயும் கெஞ்ச மாட்டேன். பெத்தவங்கள முறையா கூப்பிடலன்னா பொறந்த எடத்துலயே செத்து விழுவேன். ஒருத்தர் முடிவ இன்னொருத்தருக்கு இந்தக் கையால எடுத்துக் கொடுக்க மாட்டேன்."

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. அதன் இனத்தார் எல்லாரும் அதே சபதத்தை ஏற்று வாயை மூடிக்கொண்டார்கள். வெட்கப்பட்ட சில புரோகிராம் மொழிகள் இரண்டு பெற்றோர் வைக்கும் வழக்கத்தையே விட்டுவிட்டன. தங்கபுஷ்பத்துக்கு நோய் தீர்ந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

அன்று முதல்தான், பெற்றவரை அழைக்க மறந்து எழுதினால் கன்ட்ரோலர் ஒரு வார்த்தை பேசாமல் திரையெல்லாம் பிழைச் செய்தியாகச் சிவந்து விழுந்து கிடக்கிறது. எழுதியவர்களோ இன்றைக்கும் அதைத்தான் திட்டுகிறார்கள்.